கார்மேல் அன்னை கடல் பவனி: ஸ்பெயின் துறைமுகங்களில் எப்படி நடத்துகிறார்கள்? நம் கரைக்கு எது ஒத்துவரும்?

வடகடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் தீவின் வடகரையில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கில் வரும் ஜூலை 16, உத்தரிய மாதா (கார்மேல் அன்னை) திருநாளுக்கு முதன்முறையாகக் கடல் பவனி வைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்திருக்கிறார்கள். அதே நாளில் ஸ்பெயினின் எத்தனையோ மீனவ ஊர்களில் அதே மாதாவை, விர்ஹென் தெல் கார்மென் என்ற பெயரில், படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். காணொளிகளில் பூவும் கொடியும் ஹாரன் சத்தமும் தெரிகிறது. அதற்குப் பின்னால் யார் என்ன வேலை செய்கிறார்கள், பணம் எப்படிச் சேர்கிறது, ஊர் எப்படிச் சண்டையில்லாமல் ஒன்றாக நிற்கிறது என்பது தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இங்கே உள்ள நிலவரம்: மரச் சுரூபம் (மாதா சிலை), பீடத்தோடு 120 கிலோ. சப்பரம் அலங்காரத்தோடு 600 கிலோ, தூக்க 24 பேர். கரை ரொம்ப மேடு, அதாவது ஆழம் குறைவு; ஒரு மீட்டர் ஆழம் வர 150 மீட்டர் உள்ளே போக வேண்டும். ஊரில் பைபர் படகும், வத்தை என்னும் தட்டை அடி நாட்டுப்படகும் உண்டு. விசைப்படகுகள் ஜெட்டியில் நிற்கும். மாலை 5 மணிக்குக் கிளம்பலாம் என்பது இப்போதைய திட்டம்.

சோழகம் எழுதியது:

நல்ல முயற்சி. மாலை 5 மணி என்பதை மட்டும் உடனே மாற்றுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஸ்பெயினில் கார்மென் மாதா மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் பாதுகாவலி. 1901ல் அரசாணை போட்டுக் கடற்படையின் பாதுகாவலியாகவும் அறிவித்தார்கள். தெற்கே மலகாவின் எல் பாலோ, காதிஸ் பக்கம் புவெர்தோ தெ சாந்தா மரியா, வடக்கே பாஸ்க் நாட்டில் சாந்துர்த்சி என்று மூன்று பக்கக் கடலிலும் நடக்கிறது. ஊருக்கு ஊர் அலங்காரம் மாறும், வேலையின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: கோயிலில் திருப்பலி, தோளில் துறைமுகம் வரை பவனி, படகில் ஏற்றம், மற்றப் படகுகள் பின்தொடர ஒரு சுற்று, நடுக்கடலில் என்ஜினை அடக்கி, கடலில் மாண்டவர்களுக்காக ஒரு மலர்வளையம், சால்வே மரினேரா என்ற மாலுமிகளின் மாதா பாட்டு, பிறகு எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஹாரன், கரை திரும்பல்.

இதில் உயிரான இடம் அந்த மலர்வளையம். கரையில் மாதாவின் அழகைப் பார்க்கக் கூட்டம் வரும். கடலில் அந்த ஐந்து நிமிடம், போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கானது. நீங்களும் அந்தப் படகில் முதல் இடத்தைப் பிரமுகர்களுக்குக் கொடுக்காமல் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுங்கள். பெயர்களை வாசிப்பதாக இருந்தால் பட்டியலை ஒரு வாரம் முன்பே கோயில் வாசலில் ஒட்டுங்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீடு பல வருஷம் மறக்காது.

இனி செய்முறை. அங்கே துறைமுக அதிகாரியின் அலுவலகம் அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு படகிலும் எத்தனை பேர், அத்தனை பேருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா, காப்பீடு உண்டா என்று பார்த்துத்தான் தருவார்கள். மீன்பிடிப் படகு ஆள் ஏற்றும் படகு இல்லை என்பதால் அன்று ஒரு நாளைக்கு மட்டும் தனி அனுமதி. இங்கே நீங்கள் மீன்வளத்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் இரண்டு இடத்திலும் எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். படகின் பதிவெண், ஓட்டுபவர் பெயர், ஏறுபவர் எண்ணிக்கை, போகும் வழி, திரும்பும் நேரம் இவ்வளவும் மனுவில் இருக்கட்டும். ஏறும்போது ஒருவர் பெயர்ப்பட்டியலில் குறிக்க, இறங்கும்போதும் அவரே குறிக்க வேண்டும். ஆளை மாற்றினால் கணக்கு தப்பும்.

சுரூபம் வைக்கும் முறை: உயரம்தான் எதிரி. மூன்றடி பீடத்தில் ஏற்றி அதன்மேல் குடையும் வளைவும் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குடை ஒரு சின்னப் பாய் மாதிரி காற்றைப் பிடித்துப் படகைச் சாய்க்கும். பாய்மரப் போட்டியில் காற்று அடிக்கும்போது மணல் மூட்டையை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பீடம் படகின் தரைப் பலகைமேல், நீளத்தில் நடுவிலிருந்து சற்றே பின்னால் இருக்கட்டும். அணியத்தில் (படகின் முன்முனையில்) வைத்தால் எதிரலையில் முகம் குத்தும். நாலு மூலையிலிருந்தும் கயிறு, ஒவ்வொன்றும் படகின் குறுக்குக் கட்டையில் கட்டியது, இழுவிசை சமமாக. பூவைப் பீடத்தைச் சுற்றித் தாழ்வாகக் கட்டுங்கள், மேலே வேண்டாம்.

மலர்வளையத்தில் நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, பிளாஸ்டிக் நூலும் தெர்மகோலும். அவை கடற்புல்லில் சிக்கும், அதைவிட முக்கியம் அன்றே உங்கள் புரொப்பல்லரில் சுற்றும். வாழை மட்டையை வளைத்து, வாழை நாரால் கட்டிய வளையம் போதும், நன்றாக மிதக்கும். இரண்டு, விடும் பக்கம். என்ஜின் நின்றதும் காற்று படகைத் தள்ளும். வளையம் தண்ணீரோடு கிடக்கும், அவ்வளவு வேகமாக நகராது. ஆகவே காற்று வருகிற பக்கம் குனிந்து தண்ணீர்மேல் வைக்க வேண்டும். படகு தானாக விலகிப் போகும். மறுபக்கம் போட்டால் படகே வளையத்தின்மேல் ஏறும். என்ஜினைப் போட்டதும் சுற்றிக்கொள்ளும்.

கடைசியாக ஏன் மாலை வேண்டாம் என்பது. அங்கே பவனி பெரும்பாலும் சாயங்காலம்தான். ஜூலை வெயிலுக்கு அது வசதி. இங்கே ஜூலையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பகல் ஏற ஏறப் பலமாகும். தென்கடல் கொந்தளிக்கும்போது உங்கள் வடகரை தீவின் மறைவில் அமைதியாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் கரையை விட்டு ஒரு கிலோமீட்டர் வெளியே போனதும் அந்த மறைவு குறையும். போதாததற்கு அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. என்ஜின் நின்ற படகு வெளியேதான் போகும். காலை 6 மணிக்குத் திருப்பலி, 7க்கு ஏற்றம், 8.30க்குள் கரை. கரையிலிருந்து 500 மீட்டரைத் தாண்டாமல் கரையோரமாகவே போங்கள். கரையில் நிற்கும் பெரியவர்களுக்கும் அப்போதுதான் தெரியும்.

கட்டுமரம் எழுதியது:

சோழகம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். சப்பரத்தை அப்படியே படகுல ஏத்தணும்னு நினைக்காதீங்க. ஸ்பெயின்லயும் சில ஊர்ல ரோட்டுக்கு ஒரு பெரிய மேடை, கடலுக்கு லேசான வேற மேடைன்னு தனித்தனியாத்தான் வச்சிருக்காங்க.

உங்க கரைக்கு இப்படிப் பண்ணலாம். சப்பரம் ரோடு முடியிற இடத்தோட நிக்கட்டும். அங்க சுரூபத்தை மட்டும் எடுத்து, ரெண்டு நீளக் கம்பு வச்ச சின்ன மேடையில இறக்குங்க. 120 கிலோ, 8 பேர்னா தலைக்கு 15 கிலோ, மேடை எடை கொஞ்சம் தனி. மணல்ல 600 கிலோவைத் தூக்கிட்டு நடந்தா ஒவ்வொரு காலும் ஒவ்வொரு ஆழத்துல புதையும், தோள்மட்டம் ஏறி இறங்கும், சப்பரம் ஆடும். மரச் சுரூபத்துக்கு அந்த ஆட்டம்தான் கேடு, கழுத்துலயும் கையிலயும் ஒட்டு விட்டுப்போகும்.

படகு எதுன்னா வத்தைதான். அடி தட்டை, முழங்கால் தண்ணியிலேயே ஏத்தலாம். கோல் ஊன்றி ஆழத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பைபர் படகு கயிறு கட்டி இழுக்கட்டும். வத்தையில இருந்து விசைப்படகுக்கு நடுத்தண்ணியில மாத்துறது மட்டும் வேண்டவே வேண்டாம். ரெண்டு படகும் வேற வேற தாளத்துல ஆடும், நடுவுல கைவிரல் மாட்டும், சுரூபம் தவறும். ஏறின படகுலயே போய் அதுலயே திரும்பணும்.

ரெண்டு வத்தையை மரம் போட்டு இணைச்சு தெப்பம் மாதிரி பண்ணலாமான்னு யாராவது கேப்பாங்க. தண்ணி கண்ணாடியா கிடந்தா சரி. சின்ன அலை வந்தாலே ரெண்டும் தனித்தனியா ஏறி இறங்கி இணைப்புக் கட்டைத் தளர்த்திடும். ஒரே பெரிய வத்தை மேல்.

தோளுக்குத்தோள் எழுதியது:

தூக்குவதைப் பற்றி யாரும் விரிவாகக் கேட்பதில்லை. ஸ்பெயினில் ஊரைக் கட்டி வைத்திருப்பதே அதுதான் என்பது என் எண்ணம். கார்மென் பவனியைவிட செவில் நகரத்துப் புனித வாரத்தில் (ஈஸ்டருக்கு முந்தின வாரம்) இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே ஒரு பாசோ, அதாவது சுரூபம் தாங்கும் மேடை, ஒரு டன்னுக்கு மேல் இருக்கும், சில இரண்டைத் தாண்டும். அதை அடியில் நுழைந்து தூக்குகிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. மேடைக்குக் கீழே குறுக்கே உத்திரங்கள். ஒவ்வோர் உத்திரத்துக்கும் ஒரு வரிசை ஆள். பாரம் தோளில் விழுவதில்லை, பிடரியில், கழுத்து எலும்பு முடிகிற ஏழாவது கண்ணியில் விழுகிறது. அதற்காகச் சாக்குத் துணியைச் சுருட்டித் தலையில் கட்டிக்கொள்கிறார்கள். அதன் பெயர் கோஸ்தால், தூக்குபவர் பெயர் கோஸ்தாலேரோ. இடுப்பில் இறுகச் சுற்றிய நீளமான துணிப்பட்டை முதுகைக் காக்கும்.

முக்கியமான நாள் பவனி நாள் அல்ல. மாதங்களுக்கு முன்பு நடக்கும் இகுவாலா, சமப்படுத்தல். எல்லா ஆளையும் நிற்க வைத்து, தலை உயரத்தை விட்டுவிட்டு, பிடரி உயரத்தைப் பார்க்கிறார்கள். அந்த உயரம் ஒத்தவர்களை ஒரே உத்திரத்தில் போடுகிறார்கள். பிறகு வெறும் சட்டத்தில் பாரம் ஏற்றி, இரவுகளில், பவனி போகும் தெருவிலேயே ஒத்திகை. நடத்துபவர் கப்பாத்தாஸ். மேடையின் முன்பக்கம் ஒரு உலோகத் தட்டி இருக்கும். அவர் அதைத் தட்டினால்தான் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு வழி தெரியாது, குரலும் தட்டும் மட்டுமே கண்.

இதை உங்கள் சப்பரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 கிலோ, 24 பேர், தலைக்கு 25. அதில் ஆறு பேர் இரண்டு விரல்கடை குட்டை என்றால் கம்பு அவர்கள் தோளில் படாது. மீதி 18 பேருக்கு 33 கிலோ. அவர்கள்தான் பாதி வழியில் வளைவார்கள், எல்லாரும் ஆள் பலம் போதவில்லை என்பார்கள். ஆள் போதும், உயரம்தான் சரியில்லை. ஊரில் செய்வது சுலபம்: கோயில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, செருப்பில்லாமல் நிற்க வைத்துத் தோள் உயரத்தை சென்டிமீட்டரில் எழுதுங்கள். 40 பேரை அளந்து வரிசைப்படுத்தி, பக்கத்து ஆளுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வராமல் 24 பேரை எடுங்கள். மிச்சம் ஓரிரு சென்டிமீட்டரைத் தோளில் மடித்த துண்டால் சரி பண்ணலாம். மாற்று ஆளும் அதே உயரமாக இருக்க வேண்டும். கைக்குக் கிடைத்தவரை நுழைத்தால் அளந்ததெல்லாம் வீண்.

கடலை நோக்கி இறங்கும் சரிவில் பாரம் முன்வரிசைக்குப் போகும். திரும்பி ஏறும்போது பின்வரிசைக்கு. உயரமான வரிசை எப்போதும் பள்ளப் பக்கம் இருக்க வேண்டும், ஆகவே கடற்கரையில் திரும்பும்போது ஆட்களின் வரிசையையும் மாற்ற வேண்டும். இதை முதலிலேயே சொல்லி வைக்காவிட்டால் அந்த இடத்தில் குழப்பம் வரும்.

ஒரு வரலாறும் இதில் இருக்கிறது. செவிலில் முன்பு இந்தப் பாரத்தைக் கூலிக்குத் தூக்கினார்கள். துறைமுகச் சுமைதூக்கிகள் வந்து தூக்கிக் காசு வாங்கிப் போவார்கள். 1973ல் மாணவர் சபை என்று அழைக்கப்படும் எஸ்துதியாந்தெஸ் பக்திச் சபையில் உறுப்பினர்களே உள்ளே நுழைந்தார்கள். அதன்பிறகு சபைக்குச் சபை பரவி, இப்போது இடம் கிடைக்கக் காத்திருக்கிறார்கள். கூலிப் பாரம் வேண்டுதல் பாரமாக மாறியதும் இளைஞர்கள் மாதக்கணக்கில் ஒத்திகைக்கு வந்தார்கள். டிராக்டரில் சப்பரத்தை வைத்து இழுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்லும் கரைகளில் இதைச் சொல்லிக் காட்ட வேண்டும். டிராக்டர் வந்தால் வேலை குறையும், கூடவே 40 இளைஞர்கள் கோயிலுக்கு வரக் காரணமும் குறையும்.

வடகடல் எழுதியது:

சோழகம் அண்ணே, கட்டுமரம், தோளுக்குத்தோள், மூவருக்கும் நன்றி. காலைக்கு மாற்றச் சொல்லிவிடுகிறேன். அளக்கும் யோசனை எல்லாருக்கும் பிடிக்கும். இரண்டு சிக்கல் பாக்கி. மாதா எந்தப் படகில் ஏறுவது என்பதில் இப்போதே பேச்சு தடிக்கிறது. விசைப்படகுக்காரர்கள் நன்கொடை அதிகம் தருகிறோம் என்கிறார்கள், நாட்டுப்படகுக்காரர்கள் இது எங்கள் கரை என்கிறார்கள். இன்னொன்று பணம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ல் முடிகிறது. ஒரே மாதத்தில் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று) கேட்டால் யாரிடமும் இருக்காது.

பாய்க்கயிறு எழுதியது:

இரண்டுக்கும் ஒரே வேர்: திருவிழாவை நடத்தும் அமைப்பு ஒரு மாதம் மட்டும் உயிரோடு இருக்கிறதா, வருஷம் முழுக்கவா?

ஸ்பெயின் மீனவர்களுக்கு கொஃப்ராதியா என்ற சங்கம் உண்டு. பெயரும் தொடக்கமும் பழைய பக்திச் சபையிலிருந்து வந்தவை, இன்று சட்டப்படி பொது அமைப்பு. துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் கூடத்தைப் பெரும்பாலும் இதுதான் நடத்துகிறது. இதன் ஆட்சிக்குழுவில் படகு உரிமையாளர்களும் கடலுக்குப் போகும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கை. தலைவர் பெயர் பத்ரோன் மயோர், தேர்தலில் வருபவர். பல ஊர்களில் கார்மென் திருவிழாவிலும் இந்தச் சங்கத்துக்குக் கை இருக்கும். ஏலக்கூடத்தில் தினமும் முகம் பார்க்கும் ஆட்களே திருவிழாவுக்கும் உட்கார்ந்து பேசுவதால், அங்கே பேச்சு அறுந்தால் மறுநாள் ஏலத்திலும் அறுகிறது. ஆகவே பேசித் தீர்க்கிறார்கள்.

படகுக்கு அங்கே பல துறைமுகங்களில் சீட்டுக் குலுக்கல்தான். நீங்களும் நன்கொடையைப் படகோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒரு வருஷம் போட்டுவிட்டால் அடுத்த வருஷம் அது ஏலமாகிவிடும், ஏலத்தில் எப்போதும் ஒரே வீடுதான் ஜெயிக்கும். விதியை இப்படி எழுதலாம்: பதிவும் என்ஜினும் சரியாக உள்ள, விருப்பம் சொன்ன எல்லாப் படகும் பெட்டியில். கொடியேற்றத்தன்று, திருப்பலி முடிந்ததும், எல்லார் முன்னிலையிலும் ஒரு குழந்தை கையால் எடுப்பது. ஒரு சீட்டு மாதா படகுக்கு, அடுத்தது இழுக்கும் படகுக்கு, மூன்றாவது மலர்வளையக் குடும்பங்கள் ஏறும் படகுக்கு. விழுந்த படகு எல்லாரும் ஒரு சுற்று வரும்வரை பெட்டிக்குத் திரும்பாது. உங்கள் கரை மேடு என்பதால் முதல் சீட்டு வத்தைகளுக்குள் மட்டும் என்று ஆழத்தைக் காரணம் காட்டி முடிவு செய்யுங்கள். மூன்றாவது சீட்டில் விசைப்படகும் வரட்டும், ஜெட்டியிலிருந்து ஏறி ஆழத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம். விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று கடலையே நாள் கணக்கில் பங்கிட்டுக்கொண்டவர்கள் நாம். மாதாவின் படகையும் பங்கிட முடியும்.

பணத்துக்கு ஸ்பெயினின் வலென்சியா நகரத்து ஃபாயாஸ் திருவிழாவைப் பாருங்கள். மார்ச் 15லிருந்து 19 வரை தெருவெல்லாம் பிரம்மாண்ட உருவங்களை நிறுத்தி, 19ம் தேதி, புனித சூசையப்பர் திருநாள் இரவு, கொளுத்திவிடுவார்கள். 2016ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நகரத்தில் மட்டும் 350க்கு மேற்பட்ட தெருக் கமிட்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கசால் என்ற சொந்தக் கூடம். அங்கே வாரக் கடைசியில் சாப்பாடு, சீட்டாட்டம், நாடக ஒத்திகை. மார்ச் 19 இரவு சாம்பலானதும் அடுத்த வருஷத்துக் கணக்கு திறக்கிறது. உறுப்பினர்கள் மாதாமாதம் சந்தா கட்டுகிறார்கள்; குழந்தைகளுக்குத் தனிக் கமிட்டி, தனிச் சின்ன உருவம், தனித் தலைவர். விளம்பரத்தோடு ஒரு சிறு மலர் அச்சிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் அரசு லாட்டரியைப் பங்கு போட்டு விற்று, 5 யூரோ சீட்டில் 4 யூரோ லாட்டரிக்கும் 1 யூரோ கமிட்டிக்கும் என்கிற மாதிரி எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003லிருந்து தடை, அந்த வழியை யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உங்களுக்கு ஒத்துவருவது மாதச் சந்தா. ஒரு தலைக்கட்டுக்கு 1,200 ரூபாய் என்று வையுங்கள். தடைக்காலம் இரண்டு மாதத்தை விட்டுவிட்டால் மாதம் 120 வீதம் 10 மாதம். ஜூலை 17ம் தேதியே முதல் தவணை. கட்டியவர் பெயரும் செலவும் ஒரே பலகையில், மாதத்தின் முதல் ஞாயிறு. விதவைகள் வீடு, கடலில் ஆள் இழந்த வீடு ஆகியவற்றுக்கு வரி கிடையாது என்பதை விதியாகவே எழுதுங்கள். சலுகையாகக் கேட்டு வாங்க வைக்காதீர்கள். திருவிழா மலர் போட்டால் ஐஸ் கம்பெனி, வலைக்கடை, டீசல் பங்க் விளம்பரம் தானாக வரும். மலரின் முதல் பக்கத்தில் ஊரின் எல்லாப் படகின் பெயரும் இருந்தால் ஒவ்வொரு வீடும் ஒரு பிரதி வாங்கும்.

முத்துச்சிப்பி எழுதியது:

பெண்கள் எங்கே நிற்பார்கள் என்பதை யாரும் தொடவில்லை. செவிலில் எல்லாச் சபைகளிலும் பெண்களும் பவனியில் சம உரிமையோடு போகலாம் என்று பேராயரின் ஆணை 2011ல்தான் வந்தது. அதற்கு முன்பே பல சபைகள் தாங்களாக மாறியிருந்தன, மிச்சமிருந்த சிலவற்றுக்காக ஆணை தேவைப்பட்டது.

ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியின் மனிதக் கோபுரங்கள் இதற்கு நல்ல பாடம். காஸ்தெல் என்று பெயர், 2010ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அடியில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கி நின்று பின்யா என்ற தளம் அமைக்க, மேலே ஆள்மேல் ஆள், பத்து அடுக்கு வரை. உச்சியில் ஒரு குழந்தை ஏறிக் கையை உயர்த்தினால் கோபுரம் முடிந்தது, ஆனால் ஒழுங்காக இறங்கினால்தான் முழு மதிப்பு. ஏறி முடித்து இறங்கும்போது சரிந்தால் அதற்குத் தனிப் பெயர், குறைந்த மதிப்பு. கடல் பவனியிலும் போவதைவிடத் திரும்பி இறக்குவதில்தான் கவனம் சிதறும்.

1980 வாக்கில் பெண்கள் குழுக்களுக்குள் வந்தார்கள். மேல் அடுக்குகள் லேசாகி, கோபுரங்கள் உயர்ந்தன. அதற்கு முன் பாதி ஊர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பின்யாவில் நிற்க உடல்கட்டோ வயதோ தடையில்லை. அன்று ஊருக்கு வந்த விருந்தாளிகூட ஒரு தோளுக்குப் பின்னால் கை கொடுத்து நிற்கலாம். அந்தத் தளம் விழுபவர்களைத் தாங்கும் மெத்தையும்தான். நடுவில் இருப்பவர்களுக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது, கிராயா என்ற குழல் வாசிப்பின் மெட்டு மாறுவதை வைத்து எந்த அடுக்கு ஏறுகிறது என்று அறிவார்கள். உங்கள் பேண்டு செட்டுக்கும் இப்படி ஒரு வேலை கொடுங்கள்: தூக்கும்போது ஒரு மெட்டு, படகில் ஏற்றும்போது ஒன்று, மலர்வளையத்துக்கு முழு அமைதி. மைக் சத்தத்தில் கத்த வேண்டியிருக்காது.

2006ல் மத்தாரோ ஊர்க் குழுவின் ஒரு சிறுமி கோபுரம் சரிந்து இறந்தாள். அதன்பிறகு மேலே ஏறும் குழந்தைகளுக்குத் தலைக்கவசம் நிலைத்துவிட்டது. பழமைக்கு ஒவ்வாது என்று யாரும் அதைக் கழற்றிவிடவில்லை. மிதவைச் சட்டை பட்டுப்புடவையின் அழகைக் கெடுக்கும் என்று உங்கள் ஊரிலும் சொல்வார்கள். சட்டை போடாதவர் படகில் ஏறக் கூடாது, அது யாராக இருந்தாலும். குழந்தைகளுக்குப் பெரியவர் சட்டையைப் போடாதீர்கள், தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும். சிறிய அளவு கிடைக்காவிட்டால் குழந்தைகள் கரையில் பூக்கூடையோடு நிற்கட்டும்.

சோழகம் எழுதியது:

வாணவேடிக்கை விட்டுப்போச்சு. வலென்சியாவில் மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் மஸ்கிளெத்தா என்று நிலத்தை அதிர வைக்கும் வெடி. அத்தனை ஆயிரம் பேர் கூடினாலும் வெடி இருக்கும் இடத்தைச் சுற்றி வேலி, உள்ளே வெடிக்காரர்கள் தவிர யாரும் கிடையாது. நம் கரையில் பெட்ரோல் கேனும் அவுட்போர்டு என்ஜினும் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சரம் கொளுத்துவதைப் பார்க்கலாம். படகிலிருந்து ஒரு வாணமும் விடக் கூடாது. கரையில் விட்டால் படகு வரிசைக்குக் காற்றின் கீழ்ப்பக்கம், அதுவும் மாதா கோயிலுக்குள் போன பிறகு.

தங்கச்சிமடம் வேர்க்காடு கோயிலின் சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) திருவிழாவும் ஜூலை 25ல் வருகிறது. ஸ்பெயினுக்கும் அன்றுதான் பாதுகாவலரான அதே புனிதரின், சந்தியாகோவின், திருநாள். தங்கச்சிமடம் கமிட்டியோடு இப்போதே பேசி மிதவைச் சட்டைகளைப் பொதுவாக வாங்கி, ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு ஊரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். உப்புத்தண்ணீரில் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்திக் கொடுக்கச் சொல்லுங்கள், வெயிலில் போட்டால் வார் உளுத்துவிடும்.

வடகடல் எழுதியது:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு கோயில் சுவரில் கோடு போட்டு அளக்கப் போகிறார்கள். பெண்கள் மன்றமும் சின்ன மேடையைத் தூக்கும் 8 பேரில் நாலு இடம் கேட்டிருக்கிறது. அவர்களுக்கும் அதே அளவுதானே, தோளுக்குத்தோள்?

தோளுக்குத்தோள் எழுதியது:

அதே அளவுதான். நாலு பேரையும் ஒரே கம்பில் வரிசையாகப் போடாதீர்கள், கம்பு பக்கவாட்டில் சாயும். உயரம் ஒத்த இருவர் முன்னால் எதிரெதிர்க் கம்பில், இருவர் பின்னால் எதிரெதிரில். ஈர மணலில் 50 அடி நடந்து பார்த்துவிட்டுப் பட்டியலை முடிவு செய்யுங்கள். காய்ந்த சிமெண்டுத் தரையில் சரியாக இருந்தது மணலில் மாறும்.